பட்டியலில் ஒரு பெயர்

தேர்தல் நெருங்கும் காலத்தில், பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களின் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நம் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்பதே அது. ஊரில் இருந்த பெயரை நீக்கிவிட்டார்களோ, இங்கே இன்னும் சேர்க்கவில்லையோ, தந்தையாரின் பெயரைக் குடும்பப் பெயர் என்று கருதி இடம் மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்றெல்லாம் கவலைப்படுகிறோம். பெயர் விடுபட்டுப் போகுமோ என்பதுதான் நம்மில் பெரும்பாலோருடைய அச்சம். ஆனால், பெயர் இடம்பெற்றுவிடுமோ என்று அஞ்சுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன் நான். தலைநகரில் நான் குடியிருக்கும் பகுதியில், இந்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவங்களைப் படித்துக் காட்டும்படி கேட்டுத் தமிழன்பர்கள் என் வீட்டுக்கு வருவது வழக்கம். அண்மையில் ஒரு மாலை, அடுத்த வீதியில் வசிக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் வந்தார். பள்ளியில் படிக்கும் மகளும் உடன் வந்திருந்தாள். கணவனின் அடி உதைக்கும் கொலை மிரட்டலுக்கும் அஞ்சி ஊரை விட்டு வந்தவர் அவர். முதலில் வேறொரு நகரத்தில் தங்கியிருந்தார். அங்கும் கணவன் தேடி வந்துவிட்டபடியால் தில்லிக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவும் என் மனைவி வாயிலாக நான் அறிந்திருந்தேன். முகவரி மாற்றத்துக்கு உரிய எட்டாம் எண் படிவம் அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பொருள் சொல்லி வந்தேன். முகவரிக் கட்டம் வந்ததும் அவர் என்னை நிறுத்தினார்.

"இந்த விலாசத்தை யார் பார்ப்பார்கள், அண்ணா?" என்று கேட்டார்.

"பதிவு அதிகாரி பார்ப்பார், அம்மா. பிறகு பட்டியலில் வீட்டு எண்ணோடு பெயர் அச்சாகும்" என்றேன்.

"அந்தப் பட்டியலை?"

"யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சட்டமே அப்படி."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அட்டையின் எண்ணாவது மாறுமா? பழைய அட்டை அவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது" என்றார்.

அந்த எண் மாறாது. வாக்காளர் எந்த ஊருக்குப் போனாலும் அதே அடையாள எண் அவரைத் தொடர்ந்து செல்லும். அந்த எண்ணைக் கொடுத்துத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால், அவர் எந்தத் தொகுதியில் எந்த வாக்குச் சாவடியைச் சேர்ந்தவர் என்பது தெரிந்துவிடும். இதை நான் சொன்னதும் அவர் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டார். "எனக்கு ஓட்டு வேண்டாம், அண்ணா. என் பெண் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய் வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அவரிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மை ஒரு பிரஜையை வாக்குரிமையிலிருந்து விலக்கிவிட்டது. தவறு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சட்டம் பட்டியலை ஊரறியத் திறந்து வைப்பது தவறா? அல்ல என்றே முதலில் சொல்ல வேண்டும்.

வாக்காளர் பட்டியல் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படியும், 1960-ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளின்படியும் தயாரிக்கப்படுகிறது. பெயர், தந்தை அல்லது தாய் அல்லது கணவரின் பெயர், வீட்டு எண், வயது, பால், அடையாள அட்டையின் எண் ஆகியவை அதில் காணப்படும். முதலில் வரைவுப் பட்டியல் வெளியாகிறது. ஆட்சேபங்களைக் கேட்டுத் தீர்த்த பின்னர் இறுதிப் பட்டியல் வெளியாகிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு இரண்டு பிரதிகள் இலவசமாகத் தரப்படுகின்றன. பட்டியலைப் பார்வையிடவும், கட்டணம் செலுத்தி நகல் பெறவும் எவருக்கும் உரிமை உண்டு. புதிதாகப் பெயர் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் வந்தால், அதன் நகலைப் பதிவு அதிகாரி தம் அலுவலகத்தில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டி, ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் அளிக்கிறார்.

இவ்வளவு வெளிப்படையாக ஏன் செய்ய வேண்டும்? இறந்தவர் பெயரில் வாக்குப் போடுவதையும், ஒருவரே இரண்டு இடங்களில் பதிவு செய்துகொள்வதையும், ஆளில்லாத வீட்டில் இருபது பேரைக் குடியேற்றுவதையும் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் அக்கம் பக்கத்தாரே. பட்டியலுக்கு ஊரே தணிக்கை அதிகாரி. அது மட்டுமன்று. உரியவரின் பெயர் காரணமின்றி நீங்கினால் அதைக் கண்டு கேட்பதற்கும் பட்டியல் வெளிச்சத்தில் இருந்தாக வேண்டும். 2025-ஆம் ஆண்டில் பீகார் மாநிலத்தில் பட்டியல் சிறப்புத் திருத்தம் செய்யப்பட்டபோது, வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அப்பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி ஆணையிட்டது. வேலை தேடி வெளி மாநிலம் சென்றவர்களின் பெயர்கள் எவ்வளவு எளிதில் விடுபடக் கூடும் என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் பட்டியலை மூடி வைப்பதை நான் ஒரு போதும் விரும்ப மாட்டேன்.

ஆயினும், வெளிப்படையாக இருந்தால்தான் நேர்மை நிலைக்கும் என்ற கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைத் தேர்தல் வரலாறே காட்டுகிறது. இங்கிலாந்தில் 1872-ஆம் ஆண்டு வரை வாக்காளர் தாம் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதைப் பலர் முன்னிலையில் வாய் திறந்து சொல்ல வேண்டும். அது புத்தகத்தில் எழுதப்படும். வாக்களிப்பது பொதுக் கடமை, அதை மறைப்பது ஆண்மையன்று என்று அக்காலத்தில் வாதாடியவர்கள் உண்டு. ஆனால் நிலவுடைமையாளரின் சினத்துக்கும் முதலாளியின் பழி வாங்கலுக்கும் அஞ்சிய ஏழைக் குடியானவனுக்கு அந்த வெளிப்படை ஒரு தூக்குக் கயிறாக இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கவே இரகசிய வாக்குமுறை சட்டமாயிற்று. இன்று நம் நாட்டிலும் வாக்கின் இரகசியத்தைக் காப்பது சட்டப்படி தேர்தல் அலுவலர்களின் கடமை. இரகசிய வாக்கினால் தேர்தலின் நேர்மை குன்றவில்லை. மாறாக, அது வளர்ந்தது.

பெயரை வெளியிட அஞ்சிய பெண்களின் கதையும் நம் தேர்தல் வரலாற்றின் முதல் ஏட்டிலேயே இருக்கிறது. 1951-52-ஆம் ஆண்டுகளில் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்காக, முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களின் மேற்பார்வையில் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் அயலாரிடம் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே சொன்னார்கள். அவ்விதம் பதிவான சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. தன் பெயரால் அறியப்படுவதே குடியுரிமையின் முதற்படி என்று ஆணையர் உறுதியாக நின்றது சரியே. அடுத்த தேர்தல்களில் அப்பெண்கள் தம் சொந்தப் பெயரோடு வந்தார்கள். ஆனால் அன்றைய பெண்ணைத் தடுத்தது நாணமும் வழக்கமும். இன்று என் வீட்டுக்கு வந்த பெண்மணியைத் தடுத்தது உயிரச்சம். நாணத்தை அறிவுரையால் போக்கலாம். உயிரச்சத்தை அறிவுரையால் போக்க முடியாது. அதற்குப் பாதுகாப்புத்தான் வேண்டும்.

இந்த அச்சம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியது அன்று. சாதி கடந்து மணம் புரிந்துகொண்டு, உற்றாரின் கொலை வெறிக்குத் தப்பி வேற்று மாநிலம் வந்து வாழும் இளந்தம்பதிகள் இருக்கிறார்கள். அத்தகையோர் தங்குவதற்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றி மாநில அரசுகள் ஆலோசிக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. கொலை வழக்கில் சாட்சி சொன்னவர்கள் இருக்கிறார்கள். விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருபவனிடமிருந்து விலகி வேறு ஊருக்கு வந்து வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு வீட்டு எண்தான் கடைசி அரண்.

முன்னாளில் இந்த ஆபத்து இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. பட்டியல் அலுவலக அலமாரியில் காகிதக் கட்டாக இருந்தது. ஒருவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது முதலில் தெரிந்தால்தான் அதைப் புரட்டி அவரது வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். இன்று நாடு முழுவதன் பட்டியலும் கைபேசிக்குள் வந்துவிட்டது. தேடி அலைய வேண்டிய உழைப்பே தப்பி வந்தவருக்கு ஒரு காவலாக இருந்தது. அந்தக் காவல் நீங்கிவிட்டது. தேர்தல் ஆணையம் இதை உணராமல் இல்லை. இணையத்தில் வெளியிடும் பட்டியலில் வாக்காளரின் புகைப்படத்தை அது சேர்ப்பதில்லை. பட்டியலைக் கணினியில் சொல் சொல்லாகத் தேடத்தக்க வடிவில் தர வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கில், வாக்காளரின் அந்தரங்கத்தையும் ஒரு காரணமாகக் காட்டி ஆணையம் அதை எதிர்த்தது. 2018 அக்டோபர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்திருந்தது. இவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவான காப்புகள். குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்த பின்னும், அவர் முகவரியை மட்டும் மறைத்து வைக்க நம் பதிவு விதிகளில் இடமில்லை. பொய் முகவரி தருவதோ குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பிற நாடுகள் இதற்கு என்ன வழி கண்டிருக்கின்றன என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது 1924-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். வாக்களித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அரசு, வாக்காளரைக் காக்கவும் கடமைப்பட்டது அல்லவா? அங்கே, முகவரி வெளியானால் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ ஆபத்து நேரும் என்று உறுதிமொழி கொடுத்து விண்ணப்பித்தவரின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். முகவரி இராது. அவரை மௌன வாக்காளர் என்று அழைக்கிறார்கள்.

பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேர்தல் நிர்வாகச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. அங்கே ஆபத்துக்கு உள்ளானவரின் பெயரும் முகவரியும் இரண்டுமே பட்டியலில் அச்சிடப்படுவதில்லை. ஓர் எண்ணும் ஆங்கில எழுத்து ஒன்றும் மட்டுமே அவருக்கு உரிய வரியில் காணப்படும். உண்மையான விவரங்கள் பதிவு அதிகாரியிடம் பத்திரமாக இருக்கும். இந்தச் சலுகையைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுவதில்லை. நீதிமன்ற ஆணையைக் காட்ட வேண்டும், அல்லது பொறுப்புள்ள அதிகாரி ஒருவரின் சான்று பெற வேண்டும். சலுகை ஓராண்டுக்கே செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் உயர் காவல் அதிகாரிகள் போன்ற மிகச் சிலரே சான்றளிக்க முடிந்தது. அடி வாங்கி ஓடி வந்த பெண் அத்தகைய அதிகாரியை எங்கே போய்த் தேடுவாள்? பெண்கள் நலம் பேணும் அமைப்புகள் இதை எடுத்துச் சொல்லி வாதாடின. அதன் பயனாக 2018-ஆம் ஆண்டில் விதி தளர்ந்தது. மருத்துவர், செவிலியர், அடைக்கல இல்லத்தின் பொறுப்பாளர் ஆகியோரும் சான்றளிக்கலாம் என்று ஆயிற்று. கதவைத் திறந்தால் போதாது, அதன் வாயிற்படி ஏறக் கூடிய உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை இந்த அனுபவம் கற்பிக்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1991-ஆம் ஆண்டில் வேறொரு முறையைக் கைக்கொண்டது. அச்சுறுத்தலுக்கு உள்ளானவருக்கு அரசே ஒரு மாற்று முகவரி கொடுக்கிறது. அவருக்கு வரும் கடிதங்கள் அங்கே சென்று, அங்கிருந்து அவருக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. அரசாங்கப் பதிவேடுகளில் அந்த மாற்று முகவரியே காணப்படும். பின்னர் வேறு பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

இப்படி மறைத்தால் கள்ள வாக்குகள் பெருகாவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிட்டனில் கோடிக்கணக்கான வாக்காளர்களிடையே இந்த ஏற்பாட்டை நாடியவர்கள் சில ஆயிரம் பேரே. சான்றும் காலவரம்பும் இருக்கும்போது, பொய்யர்கள் இந்த வழியை நாடுவதால் அவர்களுக்கு இலாபம் இல்லை. மேலும், மறைப்பது பொதுமக்களின் பார்வையிலிருந்துதானே அன்றி அதிகாரியின் பார்வையிலிருந்து அன்று. சந்தேகம் எழுந்தால் நீதிமன்றம் ஏட்டைத் திறந்து பார்க்கலாம். ஊரார் செய்யும் தணிக்கையை, இந்தச் சிலர் விஷயத்தில் மட்டும், பொறுப்புள்ள ஓர் அதிகாரி செய்கிறார். வேறுபாடு அவ்வளவே.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறியவர்கள், தங்கள் பழைய தொகுதிக்கே வாக்களிக்கும் பொருட்டு ஜம்மு, உதம்பூர், தில்லி ஆகிய இடங்களில் தனி வாக்குச் சாவடிகள் அமைக்கப்பட்டன. குடியிருக்கும் ஊரில்தான் வாக்கு என்ற பொது விதி, அச்சத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்காக அங்கே வளைந்து கொடுத்தது. 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. தேவையானால் சாட்சியின் அடையாளத்தை மறைக்கவும், அவரை வேறிடத்தில் குடியேற்றவும் அதில் வழி இருக்கிறது. சாட்சிக்கு உயிர் எவ்வளவு அருமையோ, அடி வாங்கிய மனைவிக்கும் அவ்வளவு அருமைதானே? பட்டியலைப் பற்றிய விதிகளை, தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசு இயற்றுகிறது. ஆகவே இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. சட்டம் வல்லார் இதை ஆராய வேண்டும். நம் பிரதிநிதிகளிடம் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

அதுவரை நாம் செய்யக் கூடியவை சில உண்டு. பட்டியலில் கணவர் பெயரைத்தான் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் பெண்களுக்கு இல்லை. தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ தரலாம். இது முழுக் காப்பு அன்று என்றாலும் தேடுகிறவனின் வேலையைச் சற்றுக் கடினமாக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, கணவன் தன்னை எவ்வகையிலும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை பெறலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 181. உடனடி ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. பிற மாநிலத்தில் மொழி தெரியாமல் தவிக்கும் பெண்ணுக்கு இந்த இரண்டு எண்களைச் சொல்லி, உடன் நின்று பேசித் தருவதே பேருதவி.

இன்னொன்றும் உண்டு. அயலூரில் வாழும் தமிழர்கள் ஒருவரையொருவர் விசாரித்து அறிந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைபவர்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல் நமக்குப் பேச்சுத் தொடங்காது. சங்கங்கள் உறுப்பினர்களின் விலாசப் புத்தகம் அச்சிடுகின்றன. விழாப் படங்களைக் கைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். ஊரிலிருந்து ஒருவர், "அந்தப் பெண் உங்கள் பக்கந்தான் இருக்கிறாளாமே?" என்று கேட்டால், களங்கமில்லாமல் ஆமென்று சொல்லிவிடுகிறோம். வாக்காளர் பட்டியலை மாற்றச் சட்டம் வேண்டும். நம் நாவைக் காக்கச் சட்டம் வேண்டியதில்லை. ஒருவரின் விலாசத்தை அச்சிடுமுன் அவரைக் கேட்போம். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேளாமல் விட்டுவிடுவோம்.

என் வீட்டுக்கு வந்த பெண்மணி இன்னும் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. நிரப்புங்கள் என்று சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது நம் குடியரசு தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. உயிருக்கும் வாக்குக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை எந்தப் பிரஜைக்கும் வரக் கூடாது. பட்டியல் திறந்தே இருக்கட்டும். அதில் ஒரு சில வரிகள் மட்டும், அவற்றுக்கு உரியவர்கள் அச்சமின்றி வாக்குச் சாவடிக்கு நடந்து வரும் பொருட்டு, மூடியிருக்கட்டும்.